பெயர் பெற்ற வளாகமா, கூடி உழைக்கும் மூன்று வாரமா?

கேள்வி: நான் இளங்கலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வரும் கோடை விடுமுறையில் ஐரோப்பாவுக்குச் சென்று படிக்க இரண்டு வாய்ப்புகள் வந்துள்ளன. ஒன்று, ஒரு தலைநகரில் உள்ள புகழ்பெற்ற பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் இரண்டு வாரக் கோடைப் பள்ளி. எங்கள் கல்லூரியிலிருந்து இருபது பேர் ஓர் ஆசிரியருடன் போகிறோம். முழுக் கட்டணமும் எங்களுடையது. முடிவில் சான்றிதழ் தருவார்கள். மற்றொன்று, அதிகம் பேர் கேள்விப்படாத நகரம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் மூன்று வாரம். அதற்கு முன்பு சில வாரங்கள் இணையவழி வகுப்பு உண்டு. அங்குள்ள மாணவர்களோடு குழுவாகச் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும். செலவில் ஒரு பகுதிக்கு உதவித்தொகை கிடைக்கும். என் மனம் இரண்டாவதையே நாடுகிறது. ஆனால், பெயர் பெற்ற இடத்தின் சான்றிதழ்தான் வேலைக்கு உதவும் என்கிறார் அப்பா. அதற்காகக் கடன் வாங்கவும் தயாராக இருக்கிறார். இரண்டுமே சுற்றுலாதான், பொறுத்திருந்து முதுகலையில் ஒரு செமஸ்டர் முழுதாகப் போ என்கிறார்கள் தோழிகள். எனக்கு ஆங்கிலம் எழுத வரும், பேசத் தயக்கம். மூன்று வாரத்தில் உண்மையில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

பதில்: உங்கள் மனம் நாடும் பக்கம்தான் சரியான பக்கம் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு திட்டங்களைப் பற்றியும் நீங்கள் எழுதியிருப்பவை பெரும்பாலும் அறிவிப்பில் அச்சிடப்படும் செய்திகள். முடிவெடுக்கத் தேவையான தகவல் அங்கே இராது. நாள்வாரியான கால அட்டவணையில்தான் இருக்கும். இரண்டு ஏற்பாட்டாளர்களிடமும் அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதோடு ஒரே ஒரு கேள்வியையும் எழுதி அனுப்புங்கள்: எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் உள்ளூர் மாணவர்களுக்கும் இதே வேலைக்கு மதிப்பெண் உண்டா? மாணவர்களை அயல்நாட்டுக் குறுகியகாலப் படிப்புகளுக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், ஒரு திட்டத்தின் தரத்தை இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதிக்கு மேல் எடைபோட்டுவிடலாம் என்பது என் கருத்து.

காரணம் இதுதான். உள்ளூர் மாணவர்களுக்கு மதிப்பெண் இல்லையென்றால் அவர்கள் தன்னார்வலர்களாக வருவார்கள். விமான நிலையத்தில் வரவேற்பார்கள், ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள், முதல் நாள் மாலை விருந்தில் சிரித்துப் பேசுவார்கள், அதன் பிறகு தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவர்கள் மீது குறை சொல்ல முடியாது. அவர்கள் உங்கள் விருந்தோம்பிகள், நீங்கள் விருந்தினர், விருந்தினரிடம் யாரும் சண்டை போடுவதில்லை. அறிக்கை சரியாக வராவிட்டால் தங்கள் மதிப்பெண்ணும் குறையும் என்ற நிலையில் இருக்கும் மாணவரோ உங்களோடு வாதிடுவார், நீங்கள் தாமதித்தால் கோபப்படுவார், உங்கள் வாதம் வலுவாக இருந்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வார். இரண்டு சமூகத்தவர் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் மட்டும் ஒருவரைப் பற்றி மற்றவருக்குள்ள தவறான எண்ணங்கள் நீங்கிவிடுவதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே எழுதினார். இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதை அடைய ஒத்துழைப்பு தேவைப்பட வேண்டும், மேலே இருக்கும் நிறுவனம் அதற்கு ஆதரவு தர வேண்டும் என்ற நிபந்தனைகளை அவர் வகுத்தார். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று பெயர் வைத்துக்கொண்டு நடக்கும் பல திட்டங்களில் கடைசி நிபந்தனை மட்டுமே நிறைவேறுகிறது: இரு நிறுவனங்களின் தலைவர்களும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அட்டவணை கைக்கு வந்ததும் அதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை விரிவுரை, மதியம் பேருந்தில் அருங்காட்சியகம், மாலை ஓய்வு, மறுநாள் ஒரு நிறுவனத்துக்கு வருகை, வார இறுதியில் பக்கத்து நகரத்துக்குப் பயணம், கடைசி நாள் சான்றிதழ் வழங்கும் விழா. கோடைப் பள்ளிகளில் கணிசமானவை இப்படித்தான் இருக்கும். ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு, உங்கள் கல்லூரியைச் சேராத ஒரு மாணவரோடு நீங்கள் பேசியே ஆக வேண்டிய மணி நேரங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். விரிவுரையில் பேசத் தேவையில்லை, பேருந்தில் பக்கத்து இருக்கையில் உங்கள் தோழிதான் இருப்பார், அருங்காட்சியகத்தில் வழிகாட்டி பேசுவார். இரண்டு வாரத்துக்குமாகச் சேர்த்து நான்கைந்து மணி நேரம் தேறினால் அதிகம். அது மோசமான அனுபவம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர்களின் விரிவுரை எங்கே கேட்டாலும் பயன்தான். ஆனால் அவ்வளவு தூரம் போய்க் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

இருபது பேர் ஒன்றாகப் போவதைப் பற்றி நீங்கள் தனியாக எதுவும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. கூட்டமாகப் போனால் பயம் இருக்காது, வீட்டிலும் நிம்மதியாக இருப்பார்கள். அதே சமயம், எந்நேரமும் சொந்த மொழியில் பேச ஆள் இருக்கும்போது, தயக்கம் உள்ள ஒருவர் வேறு யாரிடமும் வாய் திறக்க மாட்டார். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு ஏறக்குறைய 1,300 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 2009-இல் வெளியான ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. வெளிநாட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டால் மாணவர்கள் தாமாகவே பிற பண்பாட்டைப் புரிந்துகொள்ளும் திறனை வளர்த்துக்கொள்வார்கள் என்ற பழைய நம்பிக்கையை அது பெரிதும் ஆட்டங்காண வைத்தது. அங்கே தங்கியிருக்கும்போதே, நடந்ததைப் பற்றிப் பேசவும் யோசிக்கவும் உதவும் வழிகாட்டி ஒருவர் இருந்த மாணவர்களிடமே முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஓர் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குவதும் அப்படித்தான்: அந்த வீட்டில் ஓர் அறை கிடைப்பதால் எதுவும் நடந்துவிடுவதில்லை, அந்தக் குடும்பத்தாரோடு எவ்வளவு நேரம் செலவிட்டார்கள் என்பதுதான் வேறுபாட்டை உண்டாக்கியது. ஆகவே இரண்டாவது திட்டத்தாரிடம், மூன்று வாரத்தில் குழுக்களைச் சந்தித்துப் பேச ஆசிரியர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

இனி உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். மூன்று வாரத்தில் ஒரு மொழி வராது, ஒரு சமூகம் பிடிபடாது. கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960-இல் எழுதிய கட்டுரையில், புதிய நாட்டுக்குப் போகும் ஒருவர் கடக்கும் கட்டங்களை விவரித்தார். முதலாவது தேனிலவுக் கட்டம். அது சில நாள்களிலிருந்து ஆறு மாதம் வரை நீடிக்கலாம் என்றார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு, ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசின் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றுவந்த நார்வேக்காரர்கள் 200 பேரை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாகப் பொருந்திப் போயிருந்ததையும், இடைப்பட்ட காலம் தங்கியவர்களே தடுமாறியிருந்ததையும் கண்டார். முதலில் மகிழ்ச்சி, நடுவில் தடுமாற்றம், பிறகு தெளிவு என்ற இந்த வளைவு எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிலருக்கு முதல் வாரமே மிகக் கடினமாக இருக்கிறது. இருந்தாலும் குறுகிய காலம் செல்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று இதில் உண்டு. கசப்பு தொடங்குமுன்பே அவர் திரும்பிவிடக்கூடும். எல்லாம் அழகாகவும் ஒழுங்காகவும் தெரியும் நேரத்தில் புறப்பட்டு வந்து, அந்த நாட்டைப் பற்றி வாழ்நாள் முழுதும் உறுதியாகப் பேசிக்கொண்டிருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மூன்று வாரத்தில் கற்கக்கூடியது, தீர்ப்புச் சொல்வதைத் தள்ளிப்போடும் பழக்கம். இதற்கென்று ஆசிரியர்கள் பயன்படுத்தும் எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, கண்ணால் கண்டது என்ன, அதற்கு நான் கொடுக்கும் பொருள் என்ன, அதனால் எனக்கு என்ன தோன்றுகிறது என்று மூன்றாகப் பிரித்து எழுதுவது. உதாரணமாக, அறிக்கையின் உங்கள் பகுதியை இரவு கண்விழித்து எழுதி அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குழுவில் இருக்கும் உள்ளூர் மாணவரிடமிருந்து காலையில் ஒரே வரியில் பதில் வருகிறது: “மூன்றாவது பத்திக்குச் சான்று இல்லை, நீக்கிவிடலாம்.” வணக்கம் இல்லை, நன்றி இல்லை. கண்டது அந்த ஒரு வரிதான். அவர் என்னை மதிக்கவில்லை என்பது நீங்கள் கொடுத்த பொருள். அவமானம் உங்களுக்குத் தோன்றிய உணர்வு. நடுவில் உள்ளதற்கு மாற்றாக இன்னும் இரண்டு விளக்கங்களையாவது எழுதிப் பாருங்கள். வேலையைப் பற்றிப் பேசும்போது சுற்றி வளைக்காமல் இருப்பதே அவர் பழகிய மரியாதையாக இருக்கலாம். மற்ற பத்திகள் நன்றாக இருப்பதால்தான் மூன்றாவதை மட்டும் சொல்லியிருக்கலாம். பேருந்துக்குக் காத்திருந்தபோது கைபேசியில் அவசரமாகத் தட்டியதாகவும் இருக்கலாம். பிறகு அவரிடமே கேட்டுவிடுங்கள். சமூகவியல் மாணவிக்குக் களப்பணி இங்கேயே தொடங்கிவிடுகிறது. இப்படி எழுதிய குறிப்பேட்டைத் திட்டம் முடிந்ததும் புரட்டினால், முதல் வாரத்தில் நீங்கள் எழுதிய விளக்கங்களில் எத்தனை தவறாகிப் போயின என்பது உங்களுக்கே தெரியும். நகரத்தின் கோட்டையையும் ஆற்றையும் பற்றி எழுதிய பக்கங்கள் இந்த வகையில் அதிகம் உதவாது.

பேசத் தயங்குவது பற்றி மிகவும் கவலைப்பட வேண்டாம். அத்தகைய குழுக்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழியாகவோ மூன்றாவது மொழியாகவோதான் இருக்கும். எழுத வருகிறது என்கிறீர்களே, அதையே பிடியாகக் கொள்ளுங்கள். இணையவழிச் சந்திப்புகள் தொடங்கிய நாளிலேயே, கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பை நீங்களாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதுபவர், “இதுவரை இப்படி முடிவு செய்திருக்கிறோம், சரிதானே?” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். பேசுவதற்கு ஒரு காரணமும், முன்கூட்டியே எழுதி வைத்த வாசகங்களும் அதனால் உங்களுக்குக் கிடைத்துவிடும். குழுவும் உங்களை நம்பியிருக்கும். அந்த நாட்டு மொழியில் வணக்கம், நன்றி, மன்னியுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள், வேண்டாம் என்ற ஐந்தையும் போகுமுன் கற்றுக்கொண்டால் போதும்.

அப்பாவின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதற்கு முன் விண்ணப்பத்தைப் புரட்டுபவரின் கண்ணில் தெரிந்த பெயர் ஒன்று படுவது சிறு உதவிதான். ஆனால் அந்தச் சான்றிதழில் கையெழுத்திடப் போவது யார் என்பதை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். விடுமுறையில் காலியாக இருக்கும் வகுப்பறைகளையும் விடுதிகளையும் பல்கலைக்கழகங்கள் வெளியாருக்கு வாடகைக்கு விடுவது உண்டு; அங்கே தனியார் முகவர்கள் நடத்தும் படிப்புக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கட்டடத்தைத் தாண்டித் தொடர்பு இருக்காது. நீங்களும் “பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும்” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், பல்கலைக்கழகம் நடத்தும் என்று எழுதவில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் இந்தப் படிப்பு பட்டியலிடப்பட்டிருக்கிறதா, தேர்வும் மதிப்பெண் பட்டியலும் உண்டா, அல்லது கலந்துகொண்டதற்கான தாள் மட்டும்தானா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். இரண்டாவது திட்டத்தில் நீங்கள் எழுதும் அறிக்கை கையில் இருக்கும். நேர்முகத் தேர்வில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு நடந்த சம்பவம் இருக்கும்.

கிரெடிட் விஷயத்தைக் கறாராகப் பாருங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை இ.சி.டி.எஸ். என்ற பொது அளவைப் பின்பற்றுகின்றன. ஓர் ஆண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, எழுத்து எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 25 முதல் 30 மணி நேர வேலை. இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். 3 கிரெடிட் தரும் மூன்று வாரத் திட்டம் என்றால் 75 முதல் 90 மணி நேரம். பதினைந்து வேலை நாளில் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வருகிறது, முன்னால் நடக்கும் இணையவழி வகுப்பையும் சேர்த்தால் இன்னும் இலகுவாகும். இது நம்பக்கூடிய கணக்கு. இரண்டு வாரத்தில் 6 கிரெடிட் தருகிறோம் என்று யாராவது சொன்னால், முன்னும் பின்னும் பெரிய வேலை இல்லாத பட்சத்தில், பத்து வேலை நாளும் நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் படிக்க வேண்டியிருக்கும். அங்கே கிடைக்கும் கிரெடிட் உங்கள் கல்லூரியில் ஏற்கப்படுமா என்பது வேறு விஷயம். போய்வந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான ஈராஸ்மஸில் மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூவரும் கையெழுத்திடும் கற்றல் ஒப்பந்தம் ஒன்று உண்டு. எந்தப் பாடத்துக்குப் பதிலாக எது கணக்கில் கொள்ளப்படும் என்பது அதில் எழுதப்பட்டுவிடும். உங்கள் திட்டம் அதன் கீழ் வராவிட்டாலும், அதே போன்ற எழுத்துபூர்வமான ஒப்புதலைப் புறப்படுவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் வாங்கிவிடுங்கள். தேர்வு தேதிகளோடு மோதுகிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: இரண்டு வாரக் கோடைப் பள்ளிக்காகக் குடும்பம் கடன்படுவதை நான் ஏற்கமாட்டேன். அறிவிப்பில் உள்ள கட்டணத்தில் விமானச் செலவு, விசாக் கட்டணம், காப்பீடு ஆகியவை பெரும்பாலும் அடங்கியிருக்காது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்யும் பயணக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு, திரும்பும் தேதிக்குப் பிறகு மேலும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பகுதி உதவித்தொகை என்பதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பல திட்டங்களில் அதில் ஒரு பங்கு, இறுதி அறிக்கையைக் கொடுத்த பின்னரே வரும்; அதுவரை அந்தத் தொகையும் உங்கள் கைப்பணம்தான். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகு இரண்டாவது திட்டத்துக்கும் கடன்தான் வழி என்றால், இந்த ஆண்டை விட்டுவிடுவதில் நட்டமில்லை. இதே போன்ற கூட்டுக் குழு வேலையை முழுக்க இணையவழியிலேயே இரண்டு நாட்டு வகுப்புகள் சேர்ந்து செய்யும் முறையும் பரவியிருக்கிறது; உங்கள் ஆசிரியர் முயன்றால் அதற்குச் செலவே இல்லை.

முழு செமஸ்டருக்காகக் காத்திருக்கச் சொல்லும் தோழிகளின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அயல்நாட்டுப் படிப்பு என்பது தொடக்கத்தில் நீண்ட தங்கலாகவே இருந்தது. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 1923-இல் எட்டு மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பியபோது அது ஓர் ஆண்டுப் படிப்பு. 1987-இல் தொடங்கிய ஈராஸ்மஸும் மாதக்கணக்கில் தங்கிப் படிப்பவர்களையே மனத்தில் வைத்திருந்தது. 2021-இல் தொடங்கிய அதன் புதிய சுற்றில்தான், 5 முதல் 30 நாள் நேரடியாகத் தங்குவதையும் கட்டாய இணையவழிப் பகுதியையும் இணைத்த செறிவுத் திட்டங்கள் இடம்பெற்றன. வேலை, குடும்பப் பொறுப்பு, ஆய்வகப் படிப்பு என்று நீண்ட காலம் விலகியிருக்க முடியாதவர்களும் போய்வர அது வழி செய்தது. நீங்கள் விவரிக்கும் இரண்டாவது திட்டமும் இதே அமைப்பில் உள்ளது. செமஸ்டர் தங்கல் ஆழமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதுகலையில் உங்கள் சூழ்நிலை எப்படி இருக்கும் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. இப்போது மூன்று வாரம் போய்வருவது பிறகு செமஸ்டருக்கு விண்ணப்பிப்பதற்கு எந்த விதத்திலும் தடை ஆகாது. தேர்வுக் குழுக்கள் அதைச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் திரும்ப எண்ணிப் பார்க்கத் தயாராக இருங்கள். உள்ளூர் மாணவர்களுக்கு மதிப்பெண் இல்லை, குழு வேலை கடைசி இரண்டு நாள் மட்டும்தான் என்று இரண்டாவது திட்டத்திலிருந்து பதில் வந்தால், நான் இதுவரை அதற்குக் கொடுத்த ஆதரவு அப்படியே நிற்காது. முதல் திட்டத்தார், தங்கள் மாணவர்களும் இதே பாடத்தை எடுக்கிறார்கள், குழுக்களைக் கலந்துதான் அமைப்போம் என்று எழுதினால், கட்டணத்தைத் தவிர அதன் மீது எனக்கு மறுப்பில்லை.

காலம் குறைவாக இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி என்றாலும், சில விண்ணப்பங்களில் அது 45 நாள் வரை இழுக்கலாம். கோடையில் விண்ணப்ப மையங்களில் நேரம் கிடைப்பதே கடினம். ஆகவே இரண்டு ஏற்பாட்டாளர்களுக்கும் இந்த வாரமே எழுதிவிடுங்கள்: கால அட்டவணை, உள்ளூர் மாணவர்களின் மதிப்பெண், வழிகாட்டி ஆசிரியர், மதிப்பெண் பட்டியலின் மாதிரி, உதவித்தொகை கைக்கு வரும் தேதி. மின்னஞ்சலின் நகலைத் துறைத் தலைவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். பாட ஒப்புதலுக்காக அவரைப் பார்க்கப் போகும்போது விஷயத்தை முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்காது.